தேயிலைப் பெட்டிக்குள் குடிவந்தவர்களுக்கு: பலகைச் சுவர் அறையை வெளிச்சமாக்குவது எப்படி

குன்னூரில் நான் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது இதுதான்: "என்னடா, தேயிலைப் பெட்டிக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்கு." தப்பாகச் சொல்லவில்லை. தரை பலகை, நாலு சுவரும் பலகை, அண்ணாந்து பார்த்தால் அங்கேயும் பலகை. பகல் 2 மணிக்கே லைட் போட்டால்தான் பேப்பர் படிக்க முடியும். மதுரையில் சுண்ணாம்பு அடித்த சுவர்களுக்குள் வளர்ந்த எனக்கு முதல் ஒரு வாரம் தூக்கம் தூக்கமாகவே வந்தது.

வேலை மாறுதலிலோ, ஓய்வு பெற்றோ, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டோ ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று மேலே வருகிறவர்களுக்கு இப்படி ஓர் அறை எப்படியும் வாய்த்துவிடும்: பழைய பங்களாவின் ஒரு பகுதி, எஸ்டேட் குவார்ட்டர்ஸ், இல்லையென்றால் பழைய மாதிரி தெரியட்டும் என்று புதிதாகப் பலகை அடித்த வீடு. உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஒரு டப்பா வெள்ளை எனாமல். நானும் அதைத்தான் வாங்கினேன், அதுவும் ஜூலை மாதத்தில். மூன்று வாரம் ஆகியும் சுவர் கையில் ஒட்டியது. மாட்டியிருந்த காலண்டரை எடுத்தபோது பின் அட்டையில் பாதி சுவரோடு தங்கிவிட்டது. ஒருவழியாகக் காய்ந்தது என்று மூச்சு விட்டால், வெள்ளைக்குள்ளிருந்து டீ சிந்தின மாதிரி பழுப்புத் திட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வர ஆரம்பித்தன. பார்க்க வந்த பெயிண்டர் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஆடி மழையில பெயிண்ட்டா? தண்ணி மேல எழுதுன மாதிரிதான் சார்."

அந்த ஒரு சுவரைச் சுரண்டி எடுத்த பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசை இது. முதலில் கழுவுவது, அடுத்து ஜன்னல், அப்புறம் பல்பு, பிறகு மேற்கூரைப் பலகை, துணிமணி. சுவருக்குப் பெயிண்ட் என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். கழுவியதைத் திரும்பக் கழுவலாம், பல்பைத் திரும்ப மாற்றலாம், ஆனால் ஈட்டி மரப் பலகை மேல் அடித்த எனாமலை எடுக்க ஒரு மாதமும் ஒரு தோள்பட்டையும் போய்விடும்.

என்ன பலகை என்று பாருங்கள்

சுவரில் எங்காவது பலகையின் விளிம்பு தெரியும்: கதவு நிலை ஓரம், ஜன்னல் மேல்கட்டை, மூலையில் பீடிங் (ஓரத்தில் அடிக்கிற மெல்லிய மரப்பட்டி) பெயர்ந்த இடம். டார்ச் அடித்துப் பாருங்கள். முகப்பில் ஓடுகிற ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம். மேலே தாள் மாதிரி மெல்லிய தோல், கீழே அடுக்கடுக்காகத் தெரிந்தால் வெனீர் ஒட்டிய பிளைவுட். ஒரே கணு, ஒரே வளைவோடு, நாலு பலகை தள்ளி மறுபடியும் வந்தால் அது மரமே இல்லை, மரம் மாதிரி அச்சடித்த ஷீட்.

இது ஏன் முக்கியம் என்றால், முழு மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். வெனீரின் மேல்தோல் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, இரண்டு இழுப்பு அழுத்தி இழுத்தால் அடியில் இருக்கிற வெளுத்த பிளைவுட் பல்லை இளிக்கும். எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை என்றால் தண்ணீரே ஆகாது, ஊறி உப்பிவிடும். அச்சடித்த ஷீட் என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நேராக ஜன்னலுக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது, மேலே என்ன பூசியிருக்கிறது என்பது. அலமாரிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், பாலிஷ் போடுகிறவர்கள் வாங்குகிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அரை நிமிடம் ஒற்றி வையுங்கள். பிசுபிசுவென்று கரைந்து பஞ்சு பழுப்பானால் அது அரக்கு, அதாவது பழைய பிரெஞ்சு பாலிஷ். ஒன்றும் ஆகவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷாகவோ பிற்கால பூச்சாகவோ இருக்கும். அரக்குப் பூச்சுக்குச் சூடான தண்ணீரும் ஆகாது, ஸ்பிரிட்டும் ஆகாது, வெள்ளை பூத்துவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டு கழுவ வேண்டும்.

ஏற்கெனவே யாரோ பெயிண்ட் அடித்துவைத்த பலகை என்றால் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கிற வீட்டில். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, சேற்றை உடனே துடைத்து எடுங்கள்.

கழுவுவது

இதை யாரும் நம்ப மாட்டார்கள், நானும் நம்பவில்லை. 'மரம் கறுப்பு' என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி வெறும் அழுக்கு. எத்தனையோ குளிர்காலம் கணப்பு எரிந்த புகை, மண்ணெண்ணெய் விளக்குக் கரி, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, ஒவ்வொரு தீபாவளிக்கும் பூசிப் பூசி மேலே தங்கிவிட்ட மெழுகு.

ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மூடி. பழைய பனியன் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, ரேகை ஓடுகிற திசையிலேயே துடைக்க வேண்டும். கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த மரத்தில் வழிந்து கோடு கோடாக நிற்கும், அந்தக் கோடு போகவே போகாது. ஒரு சமயத்தில் இரண்டு பலகை மட்டும். சோப்புத் துணி, பின்னாலேயே வெறும் தண்ணீர்த் துணி, அதன் பின்னாலேயே உலர்ந்த துணி. மூன்று வாளி தண்ணீர் மாற்றினேன், முதல் வாளி கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நான்காவது பலகையைத் துடைத்து முடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோது, துடைத்த நாலு பலகையும் வெல்லப்பாகு நிறத்தில், பக்கத்துப் பலகை அடுப்புக்கரி நிறத்தில். அன்று ராத்திரி 11 மணி வரை தொடர்ந்து துடைத்தேன், பாதியில் நிறுத்தினால் பார்க்க அசிங்கமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

சோப்புக்கு மசியாத பிசுக்கு, மெழுகு என்றால் டர்பண்டைனைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். அந்த நேரத்தில் கணப்பு எரியக்கூடாது, ஹீட்டர் எரியக்கூடாது, குளிர்ந்தாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது பூஞ்சை. வெள்ளை வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச்சிங் திரவம் ஊற்றினால் மரம் திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். ஆனால் துடைப்பது பெரிய விஷயமில்லை, திரும்ப வராமல் இருக்க வேண்டுமே. நம் மலை வீடுகள் பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டியவை, ஒரு பக்கச் சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும். அந்தச் சுவருக்கு வெளியே போய்ப் பாருங்கள்: மண் சரிந்து ஏறியிருக்கிறதா, கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்து சுவரிலேயே ஊற்றுகிறதா, ஓடை அடைத்திருக்கிறதா? அதைச் சரிசெய்யாமல் உள்ளே எது பூசினாலும் அடுத்த ஐப்பசியில் அதே புள்ளிகள் வந்து நிற்கும். அந்தச் சுவரோரம் அலமாரியை ஒட்டிப் போடாதீர்கள், 3 அங்குலமாவது காற்றுப் போக விடுங்கள். வால்பேப்பர், ஸ்டிக்கர் எதுவும் அந்தச் சுவருக்கு வேண்டாம்.

சின்னச் சின்ன ஓட்டையும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு உளுத்துக்கொண்டிருக்கிறது. அலங்காரத்தை நிறுத்திவிட்டு முதலில் வீட்டுக்காரரையும் தச்சரையும் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: கழுவின சந்தோஷத்தில் லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) பூசிவிடாதீர்கள். பளபளப்பு வரும், கூடவே மரம் ஒரு படி கறுக்கும், போகப் போக மஞ்சளும் ஏறும். வெளிச்சம் வேண்டும் என்கிறவர்களுக்கு நிறமில்லாத மெழுகு மெல்லிசாக ஒரு பூச்சு போதும். பழைய பூச்சு முழுக்கப் போய்விட்டிருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், உடனே உறிஞ்சினால் போய்விட்டது என்று அர்த்தம், தண்ணீரில் கலக்கும் பியூ கிளியர் (நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கலாம், அது மஞ்சளாகாது. இதையும் மீறி லின்சீட் எண்ணெய்தான் என்று அடம்பிடிக்கிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துப்போட்டு உலர்த்துங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். பலகை வீடு, ஞாபகம் இருக்கட்டும்.

ஜன்னல்

கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள், வெளிப்பக்கச் சட்டத்தில் படிந்த பாசியைச் சுரண்டுங்கள். ஜன்னலின் உள்விளிம்பை, அதாவது சுவரின் கனம் தெரிகிற அந்த நாலு பக்கத்தையும், வெள்ளை அடியுங்கள். அரை நாள் வேலை. வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டு அறைக்குள் திரும்பும்.

திரைக்கம்பியை ஜன்னல் அகலத்துக்கு மட்டும் போடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. திரையை ஒதுக்கினாலும் அது கண்ணாடியின் கால்வாசியை மறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் 8 அங்குலம் நீளமாகக் கம்பி போட்டால் ஒதுக்கிய திரை பலகை மேல் போய் நின்றுவிடும், கண்ணாடி முழுக்க உங்களுக்கு. கனமான மெரூன் திரையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, மலை வீட்டில் எங்கே போனாலும் அதுதான் தொங்குகிறது. வெள்ளையோ சந்தன நிறமோ பருத்தித் துணி, குளிருக்குப் பின்னால் ஒரு லைனிங். கரூரில் நெய்த திரைத்துணி கீழே எங்கும் கிடைக்கும். கொடைக்கானலுக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து ஏறுகிறவர்களுக்குச் சுங்குடி நெய்கிற சின்னாளபட்டி தூரமில்லை, பழைய சுங்குடிப் புடவை ஒன்று இருந்தாலே இரண்டு ஜன்னல் ஆகும்.

எந்த ஜன்னல் எப்போது உதவும் என்று தெரிந்துகொள்வதும் நல்லது. நம் அட்சரேகையில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழி, தை குளிரில் தெற்கு ஜன்னல்தான் வெயிலை உள்ளே கொண்டுவரும். அந்த ஜன்னலை அலமாரி வைத்து மறைத்திருந்தால் முதல் வேலையாக நகர்த்துங்கள்.

ஜன்னலை மறைப்பது வேலிச்செடி என்றால் வெட்டிவிடலாம். மரம் என்றால் கத்தியை எடுக்காதீர்கள். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், உங்கள் சொந்தத் தோட்டத்து மரமானாலும் சரி. கிளை கழிப்பதாக இருந்தாலும் வனத்துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சொந்த வீடாக இருந்து, மேலே மங்களூர் ஓடாகவும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டு, அதற்கு நேராக மேற்கூரைப் பலகையில் ஒரு சதுரம் திறந்து கண்ணாடி வைத்துவிட்டால், பகலில் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். நம் பாட்டி வீட்டு அடுப்பங்கரையில் இருந்த அதே உத்திதான். தகரக் கூரை என்றால் ஒளி புகும் ஷீட் ஒன்று. இரண்டிலும் ஓரத்தை நன்றாக அடைக்கச் சொல்லுங்கள், குளிர் காலையில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

பல்பு

எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர் நடு அறையில் ஒரே ஒரு டியூப்லைட் போட்டிருந்தார், பால் மாதிரி வெள்ளை. அது பலகை மேல் பட்டு, மரமெல்லாம் நீர்த்த சாம்பல் நிறத்தில் தெரியும், உட்கார்ந்திருக்கிறவர்கள் மூன்று நாள் காய்ச்சலில் இருப்பவர்கள் மாதிரி. காரணம் அந்த விளக்கின் நிறம். பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 2700 முதல் 3000 வரை என்றால் இளமஞ்சள். பழுப்பு மரத்துக்குள் இருக்கிற சிவப்பும் மஞ்சளும் எழுந்து தெரிய வேண்டுமானால் 3000க்கு மேல் போகாதீர்கள். சமையல் மேடைக்கும் படிக்கிற மேசைக்கும் மட்டும் 4000. சிஆர்ஐ 90 என்று போட்ட பல்பு கிடைத்தால் காசு கொஞ்சம் கூட ஆனாலும் வாங்குங்கள், நிறங்கள் உண்மையாகத் தெரியும்.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு, அதைச் சொல்வதுதான் லூமென். வெள்ளை அடித்த சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தந்துவிடும். கறுத்த மரம் ஐந்தில் ஒரு பங்குகூடத் தராது, விழுங்கிவிடும். அதனால் 12க்கு 12 அடி அறைக்குச் சாதாரணமாக 2000 லூமென் போதும் என்றால், பலகை அறைக்கு 3500, 4000 என்று கணக்குப் போடுங்கள். 9 வாட் எல்ஈடி பல்பு ஒன்று சுமார் 900 லூமென். ஆக நாலு பல்பு.

நாலையும் நடுவில் ஒரே இடத்தில் கொத்தாகத் தொங்கவிடாதீர்கள், மூலைகள் அப்படியே இருண்டு கிடக்கும், அறை சுருங்கித் தெரியும். மூலைக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள்: ஒன்று தரையில் நிற்கிற விளக்கு, ஒன்று மேசை மேல், இரண்டு சுவரில், பலகை மேல் வெளிச்சம் வழிகிற மாதிரி. எனக்குப் பிடித்த ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கிற பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து, சுவர் விளக்குக்குப் பின்னால் மாட்டினேன். அந்த 9 வாட் பல்பு பலகைக்குள் போய்த் தொலையாமல் தாம்பாளத்தில் பட்டு அறைக்குள் திரும்புகிறது, மாடத்தில் விளக்கு வைத்த மாதிரி ஒரு பொன்னிறம். அடுத்த முறை வந்த அம்மா விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "என் தாம்பாளம் எப்படிடா இங்க வந்துச்சு" என்று மட்டும் கேட்டார். மூடுபனிக்குச் சீக்கிரம் மங்கிவிடும், மாதம் ஒருமுறை புளி தேவைப்படும்.

புது வயர் இழுக்க வேண்டும் என்றால் எலெக்ட்ரீஷியன் இல்லாமல் பலகைக்குப் பின்னால் கை வைக்காதீர்கள். பழைய வீடுகளில் மரக் கேசிங்குக்குள் ஓடுகிற வயரின் மேலுறை தொட்டால் உதிரும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லாத வீடாக இருந்தால் அதையும் அப்போதே போடச் சொல்லிவிடுங்கள்.

மேற்கூரைப் பலகை

வீட்டில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் பெயிண்ட் அடிக்க அனுமதி என்றால் நான் மேலேதான் அடிப்பேன். பலகைச் சுவர் அழகு, பலகைத் தரை அழகு, தலைக்கு மேலேயும் பலகை என்கிறபோதுதான் அந்தப் பெட்டி மூடுகிறது. மேலே மட்டும் வெள்ளையானால் பெட்டியின் மூடி திறந்துவிடும், சுவர் மரம் அப்படியே இருக்கும், விளக்குகளை மேல்நோக்கித் திருப்பி வைத்தால் அறை முழுக்க நிழலில்லாத வெளிச்சம். நீலம் கலந்த வெள்ளை வேண்டாம், பழுப்பு மரத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பால் ஏடு நிறம் கேளுங்கள். அடிக்கும் முறை சுவருக்குச் சொல்லப்போவதுதான்.

துணி, கண்ணாடி, படம்

தரையில் பவானி ஜமுக்காளம். கோவையிலிருந்து மேலே வரும்போது யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும். மர நிறத்துக்கு நடுவில் அந்தப் பச்சையும் ஊதாவும் சிவப்புமான பட்டைகள் எவ்வளவு தூக்கிக் கொடுக்கின்றன என்பதைப் பார்த்தால்தான் தெரியும். சோபா உறை வெளிர் நிறத்தில் இருக்கட்டும், பழுப்பு சோபாவைப் பழுப்புச் சுவருக்கு முன் போட்டால் மனிதர்கள் மட்டும் காற்றில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

சுவரில் மாட்ட, ஊட்டியில் கிடைக்கிற தோடர் எம்பிராய்டரித் துணியை விட இந்த மலைக்குப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெளுத்த பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலெண்ணித் தைத்தது, 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கறுத்த பலகை மேல் அந்த வெள்ளை தனியாக நிற்கும். அச்சடித்த நகல்களும் உலவுகின்றன, பின்பக்கம் திருப்பித் தையல் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்ற படங்களுக்குச் சுற்றி 3 அங்குலம் வெள்ளை அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள், இல்லையென்றால் படம் மரத்துக்குள் முங்கிவிடும்.

ஆணி விஷயத்தில் கவனம். சாதாரண இரும்பு ஆணி இந்த ஈரத்தில் மரத்தில் இயல்பாகவே இருக்கிற டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சுற்றிலும் கறுப்பாகக் கறை விடும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சமாச்சாரம்தான், உங்கள் சுவரில் நடக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி, முன்னதாகச் சின்ன டிரில் போட்டு, இரண்டு பலகை சேரும் இடுக்கில்.

நிலைக்கண்ணாடி மாட்டினால் ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் வேண்டும் என்றில்லை, பக்கவாட்டுச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் இருண்ட மூலைக்குத் திரும்பும், கண்ணும் கூசாது. கனமானது என்பதால் வெறும் பலகையில் மாட்டக்கூடாது, பின்னால் ரீப்பர், அதாவது பலகையைத் தாங்குகிற மரச்சட்டம் ஓடுகிற இடம் பார்த்து மாட்டுங்கள். சுவரில் ஆணித்தலைகள் ஒரே கோட்டில் வரிசையாகத் தெரிகிறதல்லவா, அதன் பின்னால்தான் ரீப்பர். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் நாலு ரப்பர் வில்லை வைத்து இடைவெளி விட்டால் ரசம் சீக்கிரம் போகாது.

ஜன்னல் கட்டையில் ஜெரேனியம் தொட்டி. மலையில் அதைச் சாகடிக்கத் தனித்திறமை வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் சுவர் இருட்டுத்தான் என்றால்

சரி, பெயிண்ட் அடிக்கலாம். தேக்கோ ஈட்டியோ இல்லையே என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். முழுச் சுவரும் வேண்டாம் என்கிறவர்கள், தரையிலிருந்து 3 அடி மரத்தை அப்படியே விட்டு, ஒரு பீடிங் அடித்து, அதற்கு மேல் மட்டும் அடிக்கலாம். என் இரண்டாவது அறை இப்போது அப்படித்தான் இருக்கிறது. நாற்காலி உரசுகிற இடமெல்லாம் மரத்தோடு போய்விடுவதால் அழுக்கும் தெரிவதில்லை.

காலம்தான் முக்கியம். ஊட்டியின் மேற்குப் பக்கம், நடுவட்டம், கூடலூர் எல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் நனையும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. எல்லோருக்கும் பொதுவாக உலர்ந்திருப்பது தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை. அதிலும் காலை 10 மணிக்கு ஆரம்பித்து மதியம் 3 மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட வேண்டும். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படியாது, உறைபனி விழுகிற ராத்திரிக்கு முன்னால் அது இறுக நேரம் கொடுங்கள்.

முதலில் முன்பு சொன்ன மாதிரி கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். 120 நம்பர் உப்புத்தாளால் ரேகைத் திசையில் தேய்க்க வேண்டும், மரத்தைக் குடைய அல்ல, பளபளப்பு போனால் போதும். வெனீர் என்றால் 220, அதுவும் தடவுகிற மாதிரி. தூசியை ஈரத்துணியால் எடுங்கள். ஆணி ஓட்டைகளுக்கு மட்டும் பட்டி. இரண்டு பலகைக்கு நடுவில் இருக்கிற இடுக்கை நிரப்பாதீர்கள், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மரம் அந்தப் பட்டியை ஒரே வருடத்தில் துப்பிவிடும்.

அடுத்து பிரைமர். நான் கோட்டைவிட்டது இங்கேதான். சாதாரண வுட் பிரைமர் டானினை அடக்காது, வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பாக மேலே வந்தது அதுதான். கறை தடுக்கும் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள், கிடைக்கவில்லை என்றால் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கோட்டு அடியுங்கள், கணு இருக்கிற இடத்தில் மூன்று. ஓர் ஓரத்தில் ஒரு சதுர அடிக்கு மட்டும் பிரைமரும் ஒரு கோட்டு வெள்ளையும் அடித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பழுப்பு மேலே வரவில்லை என்றால் முழுச் சுவருக்குப் போகலாம். பெயிண்டர்கள் இந்த ஒரு வாரத்துக்கு முகம் சுளிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெயிண்ட் சாட்டின் எனாமலாக, அதாவது மிதமான பளபளப்பு உள்ளதாக இருக்கட்டும். பளபள எனாமலில் பலகையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும், பளபளப்பே இல்லாத மேட் பூச்சில் பூஞ்சையைத் துடைக்க முடியாது. முதலில் சின்ன பிரஷ்ஷால் இடுக்குகள், பிறகு ரோலரால் முகப்பு, இரண்டு மெல்லிய கோட்டு. டப்பாவில் 8 மணி நேரம் என்று போட்டிருந்தால் நம் ஊருக்கு 24 என்று வாசித்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். 12க்கு 12 அறையில் 9 அடி உயரச் சுவர் என்றால் கதவு ஜன்னல் போக ஒரு கோட்டுக்கு 4 லிட்டர் பிடிக்கும்.

ரேகையும் தெரிய வேண்டும், வெளுப்பாகவும் வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு, ஆனால் பூச்சு முழுக்க எடுத்த வெறும் மரத்துக்கு மட்டும்: தண்ணீரில் கலக்கும் வெள்ளையைச் சரிபாதி தண்ணீர் சேர்த்துத் துணியால் தேய்த்து, காய்வதற்குள் துடைத்துவிடுவது. பைன் பலகைக்கு மிக நன்றாக இருக்கும். தைலமரத்தில் முயன்று பார்த்தேன், ரோஜா நிறத்தில் வந்து நின்றது, மேலே ஓர் அலமாரி போட்டு மறைத்துவிட்டேன்.

கடைசிக் கோட்டு காய்ந்து ஒரு வாரம் வரை எதையும் சாய்க்காதீர்கள், காலண்டரும் மாட்டாதீர்கள். மீதிப் பெயிண்டை டப்பாவிலேயே விட்டால் அடுத்த வருடம் தோலாகிவிடும், வாய் வரை நிரம்புகிற சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, ஷேடு நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டி, கணப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் எங்காவது ஒரு கணு எட்டிப்பார்க்கும், அதற்கு அந்தப் பாட்டில் வேண்டியிருக்கும்.